சும்மா சைக்கிள் ஓட்டுவது பற்றி

"எங்கடா போற?"

சேரியிலிருந்து சைக்கிளில் கிளம்புகிற எவனும் இந்தக் கேள்விக்கான பதிலை மடியில் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டியிருந்தது. நெல்லு அரைக்க. ரேஷனுக்கு. ஆசுபத்திரிக்கு. ஆண்டை வீட்ல சொல்லிவுட்டாங்க. இப்படி ஏதாவது ஒன்று. "சும்மா" என்பது பதில் ஆகாது. அது திமிர். சும்மா போகிறவனுக்கு ஊர்த்தெரு வழியாகப் போக என்ன வேலை?

இந்தச் "சும்மா"வைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நம் ஆட்கள் வெட்டுப்பட்டுக் கிடக்கும்போது சைக்கிள் சவாரியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று தோழர்கள் கேட்கலாம். கேட்டார்கள். இருக்கட்டும். பொழுதுபோக்குக்காகச் சைக்கிள் ஓட்டுவது என்று இப்போது ஒன்று வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நகரத்துக்காரர்கள் கிராமத்துச் சாலைகளிலும் ஆற்றங்கரைகளிலும் வரிசையாகப் போகிறார்கள். அவர்களில் ஒருவனாக நானும் மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு நேர்ந்த ஒரு காரியம் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் அப்பாவின் சைக்கிளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குத் தெற்கே, புதாற்றுக் கரையை ஒட்டி இருக்கிறது. கல்லணைக் கால்வாய் என்று அரசாங்கக் காகிதத்தில் இருப்பதை எங்கள் பக்கத்தில் புதாறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணை திறந்த 1934-ஆம் ஆண்டிலேயே இதுவும் ஓட ஆரம்பித்தது. காவிரியே தொடாத மேட்டு நிலத்துக்கெல்லாம் தண்ணி கொண்டுபோன ஆறு. கரையில் ஒரு பாலம். பாலத்தை விட்டு இறங்கினால் ஊர்த்தெரு, ஒரு 300 மீட்டர் இருக்கும். அது முடிகிற இடத்தில் கோயில், குளம். குளத்தைத் தாண்டி ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாங்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ், தஞ்சாவூர் என்று உலகத்தில் எதற்குப் போகணும் என்றாலும் நாங்கள் அந்த 300 மீட்டரைக் கடக்க வேண்டும்.

அப்பா 1974-இல் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். அறுவடைக் கூலி நெல்லை விற்றதும் அம்மாவின் மூக்குத்தியை அடகு வைத்ததும் சேர்ந்து வந்த சைக்கிள். எங்கள் தெருவில் அது மூன்றாவதோ நாலாவதோ. வாய்க்கால் வரைக்கும் ஓட்டிப்போவார். குளத்தங்கரையில் இறங்குவார். துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். 300 மீட்டரும் தள்ளிக்கொண்டு போவார். பாலத்தில் மறுபடி ஏறுவார். திரும்பி வரும்போதும் அதே மாதிரி. எந்தப் பலகையிலும் எழுதிப் போடவில்லை. யாரும் தினம் நின்று காவல் காக்கவும் இல்லை. இறங்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மழையில், கேரியரில் உட்கார்ந்திருக்கும் என்னைக் கீழே இறக்கிவிட்டு, சேற்றில் தள்ளிக்கொண்டு போன அவருடைய முதுகு எனக்கு ஞாபகம் இருக்கிறது. சைக்கிள் வைத்திருக்கிறவன் சைக்கிளுக்கு வேலைக்காரனாகிற அந்த 300 மீட்டர்.

இதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. இந்தக் கட்டுரையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஆண்டை வீட்டுக் காரியமாகப் போனால் ஓட்டலாம். ஒரு நாள் ராத்திரி ஆண்டையின் அம்மாவுக்கு மூச்சு இழுத்தபோது, தஞ்சாவூரிலிருந்து மருந்து வாங்கிவர அப்பாவைத்தான் அனுப்பினார்கள். "ஏறி ஓட்டுடா, சீக்கிரம் போடா" என்று அவர்களே தெருவில் நின்று கத்தினார்கள். அப்பா ஊர்த்தெருவில் பெல் அடித்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் தன் காரியமாகப் போகும்போது இறங்கித் தள்ளினார். அதே ஆள். அதே சைக்கிள். அதே தெரு.

அப்படியானால் தடை எதன் மேல்? சைக்கிள் மேல் இல்லை. தீட்டு என்று சொல்வதும் பொருந்தவில்லை. ராத்திரி படாத தீட்டு காலையில் எப்படிப் படும்? தடை அந்தப் பயணம் யாருடையது என்பதன் மேல் இருந்தது. அவனுடைய கால் அவர்களுக்காகச் சுற்றினால் அது வேலை. அவனுக்காகச் சுற்றினால் அது சவாரி. சவாரி போகிற உரிமை அவனுக்குக் கிடையாது.

நமக்கு விதிக்கப்பட்ட தடைகளின் பட்டியலை வரலாற்றில் எடுத்துப் பாருங்கள். இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை போடாதே, சட்டை போடாதே, ஆண்கள் குடை பிடிக்காதே, செருப்புப் போடாதே, பெண்கள் பூ வைக்காதே என்று போகிறது அது. மண்வெட்டியைத் தொடாதே என்று ஒரு தடை உண்டா? அரிவாள் பிடிக்காதே, ஏர் ஓட்டாதே என்று உண்டா? வேலைக்கான எந்தப் பொருளும் நமக்கு என்றைக்கும் தடை செய்யப்படவில்லை. சுகத்துக்கான பொருள்கள்தான். வெயிலுக்கு ஒரு குடை, முள்ளுக்கு ஒரு செருப்பு, கூந்தலுக்கு ஒரு பூ. சைக்கிள் மட்டும் இந்தக் கணக்கில் ஒரு சிக்கலான பொருள். அது பாதி கருவி, பாதி சுகம். மூட்டை ஏற்றினால் கருவி. மூட்டை இல்லாமல் இரண்டு கையையும் விட்டுவிட்டு இறக்கத்தில் வந்தால் அது வேறு. அதனால்தான் அதைப் பாதித் தெருவுக்கு அனுமதித்தார்கள், பாதித் தெருவுக்கு மறுத்தார்கள்.

1893-இல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி பூட்டி ஊர்ப் பொதுச்சாலையில் ஓட்டினார். வெள்ளைக் காளைகள், கழுத்தில் மணி, தலைப்பாகை. அந்த வண்டியில் ஏற்றிப்போக ஒரு மூட்டை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அவசரக் காரியம் எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை. போனார், அவ்வளவுதான். தலித் விடுதலை வரலாற்றின் பெரிய தொடக்கங்களில் ஒன்று ஒரு "சும்மா" பயணம் என்பதை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. அம்பேத்கர் தன் அனுபவக் குறிப்புகளில் 1929-இல் சாலிஸ்கானில் நடந்ததை எழுதியிருக்கிறார். தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டக் குதிரைவண்டிக்காரன் மறுத்துவிட்டான். நம் ஆட்களில் ஒருவரே, ஓட்டிப் பழக்கமில்லாதவர், ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கருக்குக் கால் முறிந்தது. அவர் அப்போது பாரிஸ்டர். வண்டியில் உட்கார்ந்து வருவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையில் யாரும் போகலாம் என்று ரெட்டமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924-இல். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இவ்வளவுக்குப் பிறகும், 2015-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, பொது இடத்தில் பட்டியல் சாதியினர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று சைக்கிளைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் சைக்கிளில் ஏறுவதைச் சட்டத்தில் எழுதுகிறது என்றால் அந்த நாட்டுத் தெருக்களைப் பற்றி நாம் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் சட்டம் வந்து எதையும் மாற்றவில்லை. 1984-இல் எங்கள் தெருப் பையன்கள் ஏழு பேர் சேர்ந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அடி விழுந்தது. இரண்டு சைக்கிளின் ரிம்மை மிதித்து வளைத்தார்கள். போலீஸ் வந்து சமாதானம் பேசிவிட்டுப் போனது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. கொஞ்ச வருடத்தில் டி.வி.எஸ். 50 வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்ல அவர்களுக்கே அலுத்துவிட்டது. அந்த ஏழு பேரில் ஒருவரிடம் சமீபத்தில் கேட்டேன். அண்ணே, அன்னிக்கு எதுக்குப் போனீங்க? அவர் சொன்னார்: "ரேஷன் கடை மூடிருவான்னு சொல்லிட்டுப் போனோம்." நிஜமாகவே ரேஷனுக்கா? அவர் சிரித்தார். "கார்டே கொண்டு போகலடா." எதிர்த்து ஓட்டியவர்களுக்கும் ஒரு ரேஷன் கடை தேவைப்பட்டிருக்கிறது.

நான் சைக்கிள் பழகியது அதற்குமுன், புதாற்றுக் கரையில். வாடகை சைக்கிள் ஒரு மணி நேரத்துக்கு எடுத்து நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வோம். கடைக்காரர் சீட்டில் நேரம் எழுதித் தருவார். உயரம் பத்தாது. பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல். கோடையில் ஆறு வறண்டு கிடக்கும், விழுந்தால் மணல்தான். கரை யாருடைய தெருவும் இல்லை. பொதுப்பணித்துறைக்குச் சொந்தம். லஸ்கர் எப்போதாவது ஷட்டரைப் பார்க்க வருவார், "ஓரமா ஓட்டுங்கடா" என்பார், அவ்வளவுதான். எங்களுக்கு இருந்த ஒரே சாதியில்லாத சாலை அந்த மண்கரை. பாரைத் தாண்டிக் காலைப் போட்டு முதல்முறை சீட்டில் உட்கார்ந்த நாளில், பெடலை மிதிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் வண்டி தானாகப் போகிற மாதிரி இருந்தது. எங்கே போகிறோம் என்று நினைக்கவே இல்லை. அந்த வயதில் யாரும் கேட்கவும் இல்லை.

அக்காவுக்கு அந்தக் கரையும் கிடைக்கவில்லை. பொம்பளப் புள்ள. கந்தர்வகோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, அறிவொளி இயக்கம் வந்து, 1992-இல் தன் இருபத்துநாலாவது வயதில் பழகினாள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த ஓரிரு வருடங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த வருட மகளிர் தினத்தில் 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் ஓட்டி வந்தார்கள். அறிவொளித் தோழர்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் பயன் சார்ந்தவை. தண்ணி கொண்டுவரலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம், பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். எல்லாம் உண்மை. அக்காவிடம் கேட்டால் அவள் இதில் எதையும் சொல்லமாட்டாள். "சாயங்காலத்துல நாங்க அஞ்சாறு பேரு ஒரு ரவுண்டு போவோம்டா. அதான்" என்பாள். அந்த "அதான்" எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. நம்மை நேசிக்கிறவர்கள்கூட நமக்கு ஒரு பொருளைக் கொடுக்கும்போது அதற்கு ஒரு பயனைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சும்மா சந்தோஷத்துக்கு என்று சொன்னால் கொடுக்கிறவருக்கும் கூச்சம், வாங்குகிறவருக்கும் கூச்சம்.

சும்மா இருப்பதைச் சைவப் பெரியவர்கள் ஞானத்தின் உச்சியில் கொண்டுபோய் வைத்தார்கள். மடத்தில் சும்மா இருந்தால் ஞானி. திண்ணையில் சும்மா இருந்தால் மிராசுதார். சேரியில் சும்மா இருந்தால் சோம்பேறி, குடிகாரன், கழிசடை. ஒரே சொல் தெரு மாறினால் வசவாகிவிடுகிறது. நம் பெற்றோரும் அந்த வசவை நம்பினார்கள். நான் பத்தாம் வகுப்பு லீவில் ஒரு மத்தியானம் படுத்திருந்தபோது, "ஏண்டா சும்மா கெடக்குற, எந்திரிச்சு எதையாவது செய்யி" என்று அப்பா கத்தினார். களத்தில் விடியற்காலம் முதல் இருட்டும் வரை நின்றவர் அவர். நேரம் என்பது தன்னுடையதாக இருக்க முடியும் என்பதே அவருக்குத் தெரியாது என்று நான் அப்போது நினைத்தேன். அதில் நான் தவறு. பின்னால் சொல்கிறேன்.

இப்போது நான் தஞ்சாவூரில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்கச் சொன்னார் டாக்டர். அலுவலக நண்பர் ஒருவர் சைக்கிள் குழுவில் சேர்த்துவிட்டார். (பாருங்கள், நானும் பயனைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.) 28,000 ரூபாய்க்குத் தவணையில் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். குழுவில் அதுதான் மலிவானது. டாக்டர்கள், என்ஜினியர்கள், கடை முதலாளிகள், ஒரு கல்லூரிப் பேராசிரியை. நல்ல மனிதர்கள்தான். பஞ்சர் ஆனால் நின்று உதவுவார்கள். ஞாயிறு காலை 5 மணிக்குக் கிளம்பி ஒரு வாரம் திருவையாறு, திருக்காட்டுப்பள்ளி வழியாகக் கல்லணை, ஒரு வாரம் வல்லம் பக்கம், ஒரு வாரம் ஒரத்தநாடு. வழியில் சின்ன ஊர்களில் டீ. ஆற்றுக்கரையில் மூங்கிலுக்கு நடுவே பனியில் போவது சுகம்தான். பொய் சொல்லமாட்டேன். 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டுகிற போட்டியில்லாத நீண்ட சவாரி ஒன்று உண்டு. அதை ஒருமுறை முடித்துவிட்டு ஒரு வாரம் ராஜா மாதிரி திரிந்தேன்.

இந்தக் குழுவோடு போகும்போது கிராமத்தில் நிறுத்தினால் டீக்கடைப் பெரியவர்கள் கேட்பார்கள்: "எங்கேர்ந்து வர்றீங்க, எங்க போறீங்க?" எங்கள் ஆட்கள் சொல்வார்கள்: "சும்மாதான்யா, ஒரு ரவுண்டு." பெரியவர்கள் வியந்துபோவார்கள். "அம்மாந்தூரம் சும்மாவா!" பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொல்வார்கள். திமிராக இருந்த சொல் அங்கே மரியாதையாகத் திரும்பி வரும். முதல் முறை அதைக் கேட்டபோது எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு செப்டம்பர் மாதம், சம்பா நடவு நேரம். யாரோ போனில் வழி போட்டிருந்தார்கள். புதாற்றுக் கரையில் போய், பாலத்தில் இறங்கி, ஒரு ஊருக்குள் புகுந்து, ஒரத்தநாட்டுச் சாலையைப் பிடிப்பது. எந்த ஊர் என்பது பாலம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு பேர். எல்லாருக்கும் ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, பளபளக்கும் பனியன். ஊர்த்தெருவில் நுழைந்தோம். சின்னப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்து கத்தினார்கள். திண்ணையில் இருந்தவர்கள் கையை உயர்த்தினார்கள். அப்பாவை மருந்துக்கு அனுப்பிய வீட்டின் வாசலில், என் வயதுக்காரர் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், எழுந்து நின்று சிரித்தார். நானும் கையை உயர்த்தினேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை. 300 மீட்டர், ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்ட மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது.

குளத்தங்கரையில் வலது பக்கம் திரும்பினால் ஒரத்தநாட்டுச் சாலை. நேரே போனால் வாய்க்கால், எங்கள் தெரு. போன் வலது பக்கம் திருப்பியது. "பியூட்டிஃபுல் வில்லேஜ்" என்றார் ஒருவர். வில்லேஜைப் பார்த்தாகிவிட்டது. திருப்பத்தில் வயலில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் குழு நின்று படம் எடுத்தது. குனிந்திருந்தவர்களில் ஒருத்தி நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். என் சித்தப்பா மகள். நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. "என்னடி, நல்லாருக்கியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதினோரு பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் குனிந்து, சரியாகவே இருந்த செயினைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தேன்.

அன்றிலிருந்துதான் இந்த யோசனை. அந்தத் தெரு எனக்கு வழிவிட்டதா, என் ஹெல்மெட்டுக்கு வழிவிட்டதா? முகத்தை மறைத்துக்கொண்டு அனுபவித்த சுதந்திரம் சுதந்திரம்தானா? ஒரு தோழர் கேட்டார்: "ஏம்ப்பா, 2025 பிப்ரவரியில சிவகங்கை மாவட்டத்துல நம்ம கல்லூரிப் பையன் கையை வெட்டினானுங்க. புல்லட் ஓட்டினதுக்குத்தான்னு அவங்க வீட்டுல சொல்றாங்க. நீ ஹெல்மெட்டைப் பத்தித் தத்துவம் பேசிக்கிட்டிருக்க." அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பையன் என்ன தவறு செய்ததாக அவர்கள் நினைத்தார்கள்? புல்லட் மூட்டை ஏற்றுகிற வண்டி இல்லை. ஒரு தலித் பையன் தன் சந்தோஷத்துக்காக, சத்தமாக, முகம் தெரிய வந்துபோவதை அவர்களால் தாங்க முடியவில்லை. என் சந்தோஷத்தை அவர்கள் தாங்கினார்கள். அது என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பையன் கொடுத்த விலையில் ஒரு பைசாவைக்கூட நான் கொடுக்கவில்லை. அப்படியானால் நான் அந்தத் தெருவில் ஓட்டினேன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் சந்தோஷத்துக்கு எல்லாம் ஒரு போராட்ட அர்த்தம் இருந்தே ஆக வேண்டுமா? ஆதிக்கச் சாதிக்காரன் கரையில் ஓட்டினால் அது காற்று வாங்குவது. நான் ஓட்டினால் மட்டும் அது உரிமை, வரலாறு, சாட்சியம் என்றால், அதுவும் ஒரு மூட்டைதானே? அய்யன்காளியின் மூட்டை, அம்பேத்கரின் மூட்டை என்று ஏற்றிக்கொண்டே போனால் என் கேரியர் என்றைக்குக் காலியாகும்? இதை எழுதவே பயமாக இருக்கிறது. ஆனால் பனியில் மூங்கிலுக்கு நடுவே போகும்போது நான் தலித்தாகப் போகவில்லை, வெறுமனே போனேன் என்பதும் நிஜம். அது துரோகமா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். தம்பி மகனுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளை எடுத்துக்கொண்டேன். லுங்கி, அரைக்கைச் சட்டை, ஹெல்மெட் இல்லை, கண்ணாடி இல்லை. மத்தியானம் மூணு மணி. எந்த வேலையும் இல்லை. வாய்க்காலைத் தாண்டி, குளத்தங்கரையில் இறங்காமல், ஊர்த்தெருவில் ஓட்டினேன். யாரும் இறங்கச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்போது யாரும் சொல்வதில்லை. எல்லா ஊருக்கும் நான் சாட்சி சொல்ல முடியாது. பாதித் தெருவில் அதே ஆள், அன்று எழுந்து நின்று சிரித்தவர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம்.

"என்னப்பா, எப்ப வந்த? எங்க, சைக்கிள்ல?"

சாதாரணமாகத்தான் கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை. என் வாய் சொன்னது: "சொசைட்டி வரைக்கும்."

சொசைட்டியில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அன்றைக்கு அது திறந்திருந்ததா என்றுகூடத் தெரியாது. ஆனாலும், பொய் ஆகிவிடக்கூடாதே என்று சொசைட்டி வாசல் வரைக்கும் போய், ஸ்டாண்டு போட்டு, ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஐம்பது வயதைத் தாண்டியவன்.

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காதப்பா. நீ ஒரு தடவையாவது சும்மா ஓட்டியிருக்கியா?"

"ஏன் ஓட்டல?"

எனக்குத் தெரியாத கதை ஒன்று அப்போதுதான் வந்தது. நிலாக் காலத்தில், சாப்பிட்டுவிட்டு, நாங்கள் எல்லாம் தூங்கிய பிறகு, அவரும் இன்னொரு ஆளும் (அவர் இப்போது இல்லை) சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல் வரப்பு வழியாகத் தூக்கியும் உருட்டியும் புதாற்றுக் கரைக்குப் போவார்களாம். ஊர்த்தெருவைத் தொடாமல். கரையில் ஏறி அடுத்த ஷட்டர் வரைக்கும் ஓட்டிப்போய், அங்கே கட்டையில் உட்கார்ந்து ஒரு பீடி குடித்துவிட்டு, திரும்பி வருவது. போகிற வழியில் ஒரு வேலையும் இல்லை. வருகிற வழியிலும் இல்லை. விடிந்தால் களத்துக்குப் போக வேண்டும், இருந்தாலும் போவார்களாம். எத்தனை வருஷம்? "அது ஆச்சு, நாலஞ்சு வருஷம்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். திட்டுவா."

"கரையில யாரும் கேக்கலையா?"

"யாரு பாத்தா கேக்குறதுக்கு? டைனமோவ ரிம்ம வுட்டு நவுத்தி வச்சிருவோம். லைட் எரிஞ்சா தெரிஞ்சிரும்ல." பிறகு அவரே கேட்டார்: "ஒன் வண்டில லைட் இருக்கா?"

இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் சிவப்பாக மினுக்கிக்கொண்டே இருக்கிற ஒன்று. சொன்னேன். சிவப்பு எதுக்கு என்று கேட்டார். பின்னால் வருகிறவனுக்கு நாம் போவது தெரிவதற்கு என்றேன். "தெரியணுமா?" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை குழு மறுபடி அந்த வழியாகத்தான் போகிறது.